போதுமா, போதாதா? – முதுமையில் வருவாயை அளந்தறிதல்



நம் இல்லங்களில் வாழும் முதியோரை நோக்கி, "மாதச் செலவுக்குப் பணம் போதுமா?" என்று வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒரே சொல்தான்: "போதும்." அவ்விடையைக் கேட்டதும் வினவியவர் மனம் அமைதியடைகிறது; பேச்சு வேறு திசையில் செல்கிறது. ஆனால் அவ்வொரு சொல்லுக்குள் பல பொருள்கள் அடங்கியுள்ளன. மனநிறைவினால் 'போதும்' என்பாரும் உளர். குறைவுக்குப் பழகிப்போய் 'போதும்' என்பாரும் உளர். கேட்பதற்கு நாணிப் 'போதும்' என்பாரும் உளர். இம்மூன்றையும் வேறு பிரித்தறிவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் நாம் கற்க இருக்கும் பாடமாகும்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனித்து வாழ்கிறார். கணவர் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்று மறைந்தவர். குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மகன் சென்னையில் இருக்கிறார். ஊருக்குச் செல்லும்போதெல்லாம் நாம் அவரைக் காண்பது வழக்கம். "அக்கா, செலவுக்குத் தட்டுப்பாடு ஏதும் இல்லையே?" என்று கேட்போம். "எனக்கென்ன குறை தங்கச்சி? பொழுது சாய்வதற்குள் இரண்டு கவளம் சோறு. வருவதே போதும்" என்பார். அவ்விடையை ஈராண்டுக் காலம் அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

ஒருநாள் அவர் தலைச்சுற்றிச் சாய்ந்துவிட்டார் எனக் கேள்வியுற்றுச் சென்றபோது, மாடத்தில் இருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணிப் பார்த்தோம். காலை ஒன்றும் இரவு ஒன்றுமாக உட்கொள்ள வேண்டிய இரத்த அழுத்த மாத்திரைகள் அவை. ஒரு மாதத்தில் தீர்ந்திருக்க வேண்டிய அட்டைகள் ஏறக்குறைய இரண்டு மாதமாகியும் தீராமல் இருந்தன. இரவு மாத்திரையை அவர் நிறுத்தியே நெடுநாளாயிற்று. முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கணக்குக் கற்பித்த நாம், விடையை மட்டும் எழுதி வழிமுறையைக் காட்டாத மாணவனுக்கு ஒருபோதும் முழு மதிப்பெண் தந்ததில்லை. அந்த மூதாட்டியின் விடைக்கு மட்டும் வழிமுறை கேளாமலே முழு மதிப்பெண் தந்துவிட்டோம். அந்த வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அளவுகள் இரண்டு

வருவாய் போதுமா என்பதை அறிய இருவகை அளவுகள் உள்ளன. ஒன்று புற அளவு. அரிசி, பருப்பு, எண்ணெய், துணி, வீடு, மருந்து ஆகியவற்றுக்கு இவ்வளவு தேவை எனப் பிறர் கணக்கிட்டு, வருவாயை அதனோடு ஒப்பிடுவது. மற்றொன்று அக அளவு. வாழ்பவரையே வினவி, அவர் கூறுவதை ஏற்பது.

புற அளவை முறையாகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு சீபோம் ரௌண்ட்ரீ. 1899இல் யார்க் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களை ஆராய்ந்து, 1901இல் நூலாக வெளியிட்டார். உழைப்பாளி ஒருவனின் வாழ்வில் குழந்தைப் பருவம், பிள்ளைகளை வளர்க்கும் பருவம், முதுமைப் பருவம் ஆகிய மூன்றிலும் வறுமை வந்து சூழ்கிறது என்று அவர் கண்டறிந்தார். அவர் வகுத்த வறுமைக்கோடு உடலைக் காப்பதற்கு மட்டுமே உரியது. செய்தித்தாளுக்கோ, தொலைவில் வாழும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் அஞ்சல் செலவுக்கோ, வழிபாட்டிடத்துக்கு அளிக்கும் காணிக்கைக்கோ அக்கணக்கில் ஒரு காசும் இடம்பெறவில்லை. அதனை அவரே வெளிப்படையாக எடுத்துரைத்தார். உடல் பிழைத்திருத்தல் வேறு, மனிதராய் வாழ்தல் வேறு என்பது இதனால் விளங்கும்.

அக அளவை ஆராய்ந்தோருள் குறிப்பிடத்தக்கவர் நெதர்லாந்து நாட்டுப் பொருளியல் அறிஞர் வான் பிராக். அவரும் அவர்தம் குழுவினரும் 1970களில், "உங்கள் குடும்பம் நடத்த இதற்குக் குறைந்தால் இயலாது என நீங்கள் கருதும் மிகக் குறைந்த தொகை எது?" என்று குடும்பங்களை வினவினர். வருவாய் மிகுந்தவர் கூறிய தொகையும் மிகுந்தே இருந்தது. வருவாய் குறைந்தவர் கூறிய தொகையும் குறைந்தே இருந்தது. கையில் உள்ளதை ஒட்டியே 'போதும்' என்னும் எல்லையும் நகர்கிறது என்பது இதனால் தெளிவாகிறது. ஆகவே அக அளவை மட்டும் நம்பினாலும் தவறு நேரும். புற அளவை மட்டும் நம்பினாலும் தவறு நேரும்.

முதியோர் கையாளும் ஐந்து அளவுகோல்கள்

முதியோர் தம் வருவாயை எடைபோடும்போது, தாம் அறியாமலே ஐந்து அளவுகோல்களைக் கையாளுகின்றனர்.

1. கடந்த காலம். பஞ்சமும் பங்கீட்டு அரிசியும் கண்டவர்க்கு இன்றைய நிலை நிறைவாகத் தோன்றும். ஒரு காலத்தில் நெல்லும் மணிலாவும் விளைந்த பல காணி நிலத்தோடு வாழ்ந்தவர்க்கு, அதே வருவாய் தாழ்வாகத் தோன்றும்.

2. சுற்றம். உடன்பிறந்தார், உடன் பணியாற்றியோர், பக்கத்து வீட்டார் ஆகியோரின் வாழ்வோடு தம் வாழ்வை ஒப்பிடுதல்.

3. மாதக் கடைசி. இருபத்தைந்தாம் நாள் கையில் ஏதேனும் மீதமிருந்தால் போதும்; கடன் வாங்கினால் போதாது. எளிய அளவுகோல் இது. ஆயினும், எதைத் துறந்ததனால் மீதம் ஏற்பட்டது என்பதை இது காட்டாது.

4. நாளை பற்றிய அச்சம். கண்புரை அறுவை, இடுப்பெலும்பு முறிவு, படுக்கையில் கிடக்கும் காலம் ஆகியவற்றை எண்ணுவோர், வங்கியில் பல இலட்சம் இருந்தும் 'போதாது' என்பர். இவர்கள் உண்ண வேண்டியதையும் உண்ணாது சேமித்து வைப்பர்.

5. கொடுக்கும் ஆற்றல். பேரக் குழந்தை வந்தால் கையில் ஒரு நோட்டு வைக்க இயலுமா? சித்தாமூர்த் தேர்த் திருவிழாவுக்குச் சென்று காணிக்கை செலுத்த இயலுமா? முனிவர் சங்கம் ஊருக்கு எழுந்தருளினால் ஆகார தானத்தில் பங்கேற்க இயலுமா? இவை இயன்றால் 'போதும்'. இயலாவிடில் எத்தனை இருந்தும் 'போதாது'.

இவ்வைந்தாவது அளவுகோலை எளிதாக எண்ணலாகாது. ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட தம் பொருளியல் நூலில், வாழ்வின் இன்றியமையாப் பொருள்கள் எவை என விளக்குங்கால், உயிர் தாங்குவதற்கு வேண்டுவன மட்டுமன்றி, ஊரார் முன் நாணமின்றி நடமாட வேண்டுவனவும் இன்றியமையாதனவே எனக் கூறினார். அவர் காலத்து இங்கிலாந்தில் அது ஒரு நல்ல சட்டையும் தோல் காலணியும் ஆகும். நம் வீட்டு மூதாட்டிக்கு அது கொடுப்பதற்கான ஒரு சிறு தொகை.

குறைந்த வருவாயும் நிறைந்த மனமும்

பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒரு செய்தி வியப்புக்குரியது. முதியோரின் வருவாய் இளையோரின் வருவாயினும் குறைவு. ஆயினும் தம் பொருள்நிலையில் மனநிறைவு கொண்டோர் முதியோரிடையே மிகுதி. இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. சொந்த வீடு இருக்கும், பிள்ளைகளின் கல்வியும் திருமணமும் முடிந்திருக்கும், கடன்கள் தீர்ந்திருக்கும், ஆசைகளும் தணிந்திருக்கும். இவ்வகை நிறைவு போற்றத்தக்கது.

ஆயினும் இன்னொரு காரணமும் உண்டு. நெடுங்காலம் குறைவிலேயே வாழ்பவர், கிடைக்காததை விரும்புவதையே விட்டுவிடுகின்றனர் என்பதைப் பேரறிஞர் அமர்த்தியா சென் எடுத்துரைத்துள்ளார். அதற்கு அவர் காட்டும் சான்று நெஞ்சை உறுத்துவது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டாகிய 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் உடல்நலக் கணக்கெடுப்பு ஒன்று நிகழ்ந்தது. மனைவியை இழந்த ஆடவருள் 48.5 விழுக்காட்டினர் தமக்கு உடல்நலம் குன்றியிருப்பதாகக் கூறினர். கணவனை இழந்த பெண்டிருள் அவ்வாறு கூறியோர் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. பஞ்சத்தில் பெண்டிர் நலமாக இருந்தனர் என்பதா இதன் பொருள்? தம் உடலையும் ஒரு பொருட்டாக எண்ணி முறையிடலாம் என்னும் எண்ணமே அவர்களுக்கு எழவில்லை என்பதே இதன் பொருள். நம் மூதாட்டி "எனக்கென்ன குறை?" என்றதும் அவ்வகையினதே.

இரு கணக்குகள்

இனி, மனத்தளவில் நில்லாது, எழுதுகோலை எடுத்து இரு கணக்குகளைச் செய்து பார்ப்போம்.

முதற்கணக்கு: ஒருவர் மறைந்தால் செலவு பாதியாகுமா? தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தோர்க்குரிய ஓய்வூதிய முறையில், முழுப் பணிக்காலம் முடித்தவர் பெறும் ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் பாதி; குடும்ப ஓய்வூதியத்தின் பொதுவான விகிதம் 30 விழுக்காடு. கடைசி ஊதியம் 40,000 ரூபாய் எனக் கொள்வோம். கணவரின் ஓய்வூதியம் 20,000. மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் 12,000. (அகவிலைப்படி இரண்டிலும் ஒரே விகிதத்தில் சேருமாதலின் அதனை இங்கு விடுவோம்.) "இருவருக்கு 20,000 என்றால் ஒருவருக்கு 10,000தானே வேண்டும்? 12,000 தாராளம்" எனப் பிள்ளைகள் எண்ணக்கூடும்.

வீட்டு வரி பாதியாவதில்லை. ஒழுகும் ஓட்டைச் செப்பனிடும் கூலி பாதியாவதில்லை. விளக்கும் விசிறியும் ஒருவருக்காகவும் அதே அளவு எரியும், சுழலும். இதனையறிந்தே ஐரோப்பியப் புள்ளியியலார், குடும்பத்தின் முதல் ஆளுக்கு 1 எனவும், அடுத்த பெரியவருக்கு அரை எனவும் அளவிடுகின்றனர். இதன்படி இருவர் தேவை ஒன்றரைப் பங்கு. ஒருவர் தேவை ஒரு பங்கு. அதாவது ஒருவருக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 20,000இல் மூன்றில் இரண்டு பங்கு ஏறத்தாழ 13,330 ரூபாய். வருவதோ 12,000. மாதம் 1,330 ரூபாய் குறைகிறது. பெரிய தொகை அன்று, மருந்தின் அளவே. அம்மருந்துதான் நின்றுபோயிற்று.

இரண்டாம் கணக்கு: மாறாத வருவாய். அகவிலைப்படி இல்லாதோர் பலர். வைப்புத்தொகை வட்டியைக் கொண்டு வாழ்வோர், குத்தகைப் பணத்தைக் கொண்டு வாழ்வோர், வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் பெறுவோர் ஆகியோர் இவ்வகையினர். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயருமாயின் எத்தனை ஆண்டில் இருமடங்காகும்? 72ஐ 6ஆல் வகுத்தால் 12. எனவே 60 வயதில் 10,000 ரூபாய்க்கு வாங்கிய பொருளை 72 வயதில் வாங்க 20,000 வேண்டும். 84 வயதில் 40,000 வேண்டும். வருவாய் 10,000ஆகவே நின்றால், 84 வயதில் அதன் மதிப்பு கால் பங்கே. "அன்று போதுமாயிருந்தது" என்பது இன்றைக்குச் சான்றாகாது. ஆண்டுதோறும் மறுகணக்கு வேண்டும்.

எந்த ஓய்வூதியமும் இல்லாதாரின் நிலை இதனினும் கடினம். தமிழகத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இவர்களிடம் 'போதுமா' என வினவுவதற்கு முன்னரே விடை நமக்குத் தெரியும்.

விரதம் கற்பிக்கும் வழி

"பற்றைக் குறைத்தல்தானே நம் அறம்? போதும் என்றிருப்பவரைப் போதாது என்று எண்ணச் செய்வது முறையா?" என வாசகர் சிலர் வினவக்கூடும். தக்க வினாவே அது.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. அதன் மற்றொரு பெயர் பரிக்கிரக பரிமாணம், அதாவது பொருளுக்கு அளவு வரையறுத்தல். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இவ்விரதத்துக்கு நேரும் குற்றங்களைக் கூறுமிடத்தில் நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடைச் செல்வம், தானியம், பணியாட்கள், ஆடை எனப் பொருள்களை வகைப்படுத்தி எண்ணுகிறது. எண்ணாமல் எல்லை வகுக்க இயலாது அன்றோ? ஆகவே இவ்விரதத்தின் முதற்படியே கணக்கெடுப்புதான். மேலும், விரதம் என்பது தானே விரும்பி மேற்கொள்வது. கையில் உள்ளதை வேண்டாமென ஒதுக்குவது துறவின் தொடக்கம். கையில் இல்லாததால் மருந்தை நிறுத்துவது வறுமையின் தொடக்கம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றை மற்றொன்றாகக் கருதி மகிழ்ந்திருப்பது முதியோர்க்கு இழைக்கும் கொடுமையாகும்.

செய்முறைப் பயிற்சி

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். மூன்று திங்கள் இடைவிடாது எழுதுக.

முதற்பக்கத்தில் வருவாய் அனைத்தும் எழுதுக: ஓய்வூதியம், வட்டி, குத்தகை, பிள்ளைகள் அனுப்புவது. வீட்டுத் தோட்டத்துக் காயும், குத்தகைதாரர் அளக்கும் நெல்லும் வருவாயே.

இரண்டாம் பக்கத்தில் மாதந்தோறும் வரும் செலவுகளை எழுதுக. மூன்றாம் பக்கத்தில் ஆண்டுக்கொருமுறை வருவனவற்றை எழுதி 12ஆல் வகுக்க: வீட்டு வரி, காப்பீட்டுத் தவணை, திருவிழா, மூக்குக் கண்ணாடி. பல்லாண்டுக்கு ஒருமுறை வருவனவும் உண்டு. சிரவணபெளகுளத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் மகாமஸ்தகாபிஷேகம் 2006இலும் 2018இலும் நிகழ்ந்தது. அடுத்த முறை சென்றுவர 14,400 ரூபாய் ஆகுமெனில், 144 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 100 ரூபாய். இவ்வாறு பங்கிடாதோர்க்கே அத்தகைய பயணம் கடனாக முடிகிறது.

நான்காம் பக்கமே மிக முக்கியமானது. அதில் 'செய்ய நினைத்து விட்டவை' எனத் தலைப்பிடுக. வாங்காத மருந்து, தள்ளிப்போட்ட கண் பரிசோதனை, நிறுத்திய பால், போகாத உறவினர் திருமணம் ஆகியவற்றை எழுதுக. ஒவ்வொன்றின் எதிரேயும் 'விரும்பி விட்டது' அல்லது 'இல்லாமையால் விட்டது' எனக் குறிக்க. இரண்டாம் வகையில் உணவோ மருந்தோ ஒன்று இருப்பினும், மாதக் கடைசியில் மீதமிருந்தாலும், வருவாய் போதாது என்றே கொள்க. நான்காம் பக்கம் வெறுமையாய் இருந்தும் மனம் அஞ்சுமாயின், குறை வருவாயில் இல்லை, அச்சத்தில் உள்ளது. அத்தகையோர் ஓராண்டு மருத்துவச் செலவுக்குரிய தொகையைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சியதை அச்சமின்றிச் செலவிடலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

"போதுமா?" என்று கேட்காதீர்கள். ஆம், இல்லை என்னும் விடை தரும் வினா கற்பித்தலுக்கு உதவாது என்பதை ஆசிரியப் பயிற்சியிலேயே நமக்குச் சொல்லித் தந்தனர். "இம்மாதம் மருந்து எந்தக் கடையில் வாங்கினீர்கள்? எத்தனை மாத்திரை மீதம்? கண் மருத்துவரிடம் எப்போது போனீர்கள்?" எனக் கேளுங்கள். பணத்தைக் கையில் கொடுத்தால் நாணுவோர்க்கு, மின்கட்டணத்தையும் வீட்டு வரியையும் நீங்களே செலுத்திவிடுங்கள். சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதும் பெற்றோர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்நிபந்தனை மீறப்பட்டால் அவ்வாவணத்தைச் செல்லாததாக்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் வழியுண்டு. தமிழகத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் இதற்கு முறையிடலாம்.

முதலில் கூறிய மூதாட்டியின் நோட்டுப் புத்தகத்தை மூன்று திங்கள் கழித்துப் பார்த்தோம். சினாலயத்து எண்ணெய்க்கும், பேரன் பேத்தியர் கைக்கும் கொடுத்ததில் அவர் ஒரு ரூபாயும் குறைத்திருக்கவில்லை. குறைத்தது மாத்திரையையும் பாலையும் மட்டுமே. "கொடுக்காமல் எப்படி இருப்பது தங்கச்சி?" என்றார். அவரைக் கொடுக்க வேண்டாமெனச் சொல்ல நமக்கு நாவெழவில்லை. மகனிடம் நான்காம் பக்கத்தைக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேனே, போதும் என்றுதானே சொன்னார்கள்" என்றார். இப்போது மின்கட்டணமும் வீட்டு வரியும் அவர் பொறுப்பு. 2021இல் தமிழகத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சென்ற முறை நாம் சென்றபோது கேளாமலே மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். எண்ணிப் பார்த்தோம். கணக்குச் சரியாக இருந்தது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் வீட்டு முதியவர் ஐந்து அளவுகோல்களுள் எதனைக் கொண்டு 'போதும்' என்கிறார்?
2. இருவர் வாழ்ந்த வீட்டில் ஒருவர் மறைந்தால், பாதியாகக் குறையாத செலவுகள் ஐந்தினைக் கூறுக.
3. விரும்பி விடுதலுக்கும் இல்லாமையால் விடுதலுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றால் விளக்குக.
4. விலைவாசி ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்ந்தால், 60 வயதில் பெற்ற மாறாத வருவாயின் மதிப்பு எந்த வயதில் பாதியாகும்?

வாசகர்கள் இவ்வினாக்களைத் தம் இல்லத்து முதியோரோடு அமர்ந்து, அவர்தம் வாய்மொழியாகவே விடை காண்பார்களாக.